தாமதத்துக்குக் காரணம்

அருப்புக்கோட்டை வண்டி மூன்று பத்துக்கு.
அதுவரை எனக்கு வேலையில்லை.
நேரக்காப்பாளர் கூண்டின் குழல்விளக்கு
எரியவும் மனமில்லாமல்
அணையவும் மனமில்லாமல் துடிக்கிறது.
கண்ணாடிக்கு அப்பால்
மாட்டுத்தாவணி முழுக்கத் தூக்கம்.

பூ மார்க்கெட் திறக்கக் காத்திருக்கும் ஒச்சம்மாள்
ஈரச்சாக்கில் கட்டிய மல்லிமேல் சாய்ந்திருக்கிறாள்.
தொண்டியிலிருந்து கருவாடு கொண்டுவந்த பக்கீர் மைதீன்
அவளுக்கு இரண்டு முழம் தள்ளி.
எது எவருடைய வாசனையென்று
மூக்குக்குத் தெரிகிறது.
காற்றுக்குத் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே உறையைத்
தலைக்கு வைத்து ஒருவர்.
யாருடைய நெஞ்சோ அது,
அவர் காதுக்குக் கீழே.
காவலர் தேர்வெழுத வந்த பையன்கள்
அடுக்கிய விறகுபோல் வரிசையாய்.
அவர்களில் ஒருவனின் கால்
பக்கத்துப் பிச்சைக்காரரின் இடுப்பில்
உரிமையோடு கிடக்கிறது.
விழித்திருந்தால் கிடக்காது.

நான் தத்துவம் எம்.ஏ., அஞ்சல் வழி.
ஒரு தாள் இன்னும் பாக்கி.
கனவும் இல்லாத உறக்கத்தில்
'நான்' என்பது எங்கே போகிறது?
பதினாறு மதிப்பெண்.
குடத்துக்குள் இருக்கும் வெளியைப் பற்றி எழுதினேன்,
குடம் உடைந்தபின் இருக்கும் வெளியைப் பற்றி எழுதினேன்,
கூடுதல் தாள் வாங்கியும் எழுதினேன்.
ஆறு போட்டார்கள்.
சரிதான். நான் அதுவரை
உடைந்த குடம் எதையும் பார்த்ததில்லை.

இரண்டு ஐம்பத்திரண்டு.
ஏழாவது தூணடியில்
ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

யாரும் எழவில்லை.
கைகள் மட்டும் எழுந்தன.

ஒச்சம்மாள் மல்லிச்சாக்கைத் தட்டினாள்.
பக்கீர் மைதீன் கருவாட்டுக் கூடையை.
எக்ஸ்ரே உறையைத் தட்டியது ஒரு கை,
உள்ளே இருந்த நெஞ்சு சலசலத்தது.
மீசை அரும்பாத காவலன்
பிச்சைக்காரரின் முதுகைத் தட்ட,
அவர் தன் அலுமினியத் தட்டைத் தட்டிக்கொடுத்தார்.
ஒரே தாளமாய் என்று எழுத ஆசை.
பொய். ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தி,
கோடை மழையின் முதல் துளிகள்
தகரத்தில் விழுவதுபோல.

என் கையை நான் தாமதமாகத்தான் பார்த்தேன்.
நேரப் பதிவேட்டின் முதுகில்
அது மெல்ல விழுந்து விழுந்து எழுந்தது.
எனக்குப் பிள்ளையில்லை.
தங்கை தம்பியும் இல்லை.
யாரிடமிருந்து வந்தது இந்தக் கை?

குழந்தை அடங்கிற்று.
தாயின் முலையில்தான் அடங்கியிருக்கும்.
ஆனாலும் தட்டல்கள் இன்னும் கொஞ்சநேரம் ஓடின,
மின்சாரம் நின்றபின் சுற்றும் விசிறிபோல.
பிறகு ஒவ்வொன்றாய்
யார் கை யாரிடம் போக வேண்டுமோ
அங்கே போய்ப் படுத்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
அந்த நேரத்தில்தான் எவனோ
பக்கீர் மைதீனின் செருப்பைக் கொண்டுபோனான்.
கொண்டுபோனவனின் மற்றொரு கை
அப்போது என்ன செய்ததென்று
எனக்குத் தெரியாது.
அது தெரியாமல் இந்தக் கேள்விக்கு
முழு மதிப்பெண் கேட்க முடியாது.

மூன்று எட்டுக்கு வண்டி வந்தது.
ஒலிபெருக்கியில் ஊர்களைச் சொன்னேன்.
திருப்பரங்குன்றம் நிற்காது, காரியாபட்டி, அருப்புக்கோட்டை.
சொல்லச் சொல்ல
அவரவர் ஊர் அவரவருக்குள் ஏறி உட்கார்ந்தது.
பையன் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டான்,
பேண்ட்டை உதறினான்.
ஒச்சம்மாள் மூக்கைச் சுளித்துச் சாக்கை நகர்த்தினாள்.
நல்ல கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு
பக்கீர் மைதீன் வெறுங்காலோடு ஏறினார்.
கூடைக்கு அரை டிக்கெட்.

வருகை 3.08. புறப்பாடு 3.17.
பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு:
தாமதத்துக்குக் காரணம்.
'குழந்தை' என்று எழுதினேன்.
அடித்துவிட்டுப் 'பயணிகள் ஏற்றம்' என்று எழுதினேன்.
அடித்த சொல்
இன்னும் படிக்கும்படியாகத்தான் இருக்கிறது.